இரண்டு பாகை

விதிகள் ஒரு பக்கம்தான்.
நேராக்கலாம். ஓரம் வெட்டலாம்.
வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.
கமராவுக்குள் விழுந்த தூசியைத் துடைக்கலாம்.
இருந்ததை இல்லாமலாக்கினால்
தகுதி நீக்கம்.

கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன்.
இந்த ஊரில்
அப்படியொரு விதியை அச்சில் பார்ப்பது
எனக்கு இதுதான் முதல் தடவை.

படம் திருக்கடலூரில் எடுத்தது.
இரவுக் கடமை முடிந்து
டிப்போவிலிருந்து நேரே போனேன்.
கரைவலைக் கயிறு பாதி ஏறியிருந்தது.
பதினொரு பேர், ஒரே சாய்வில்.
சூரியன் இன்னும் தண்ணிக்குள்.

முதலில் கடலை நேராக்கினேன்.
இரண்டு பாகை வலப்பக்கம் சரிந்திருந்தது.
பதினாறு வருஷம் டிக்கற் பை தொங்கிய தோள் என்னுடையது,
கொண்டக்டர் வேலையை விட்டும் நிமிரவில்லை.
கடலில் பிழையில்லை.
ஆனாலும் திருப்பியது கடலைத்தான்.

பிறகு நிழலைத் திறந்தேன்.
முதுகுகளில் உப்பு தெரிந்தது.
ஒருவரின் சாரத்தில் ஒட்டுப்போட்ட இடமும் தெரிந்தது.
அவருக்கு அது விருப்பமோ என்று
விதி கேட்கவில்லை.
கொஞ்சம் மூடினேன்.

இடது ஓரத்தில் கடற்படையின் பலகை,
படம் எடுத்தல் தடை, மூன்று மொழியிலும்.
வெட்டினேன். வெட்டலாம்.
வலது ஓரத்தில் சகாயநாதன்,
கயிற்றின் கடைசி ஆள்,
அரை முகமும் ஒரு முழங்கையும்.
அரை முகம் படத்தைக் கெடுக்கும் என்றாள் நஸ்மியா,
போன வருஷம் இரண்டாமிடம் எடுத்தவள்.
வெட்டினேன்.
ஓரத்தில் நிற்பவரை எடுத்தால் அது வெட்டு,
நடுவில் நிற்பவரை எடுத்தால்தான் நீக்கம்.
விதி தெளிவாகத்தான் இருந்தது.

அப்போதுதான் கண்டேன்,
அடிவானத்தில் ஒரு புள்ளி.
கடுகில் பாதி.
தூசியென்றால் துடைக்கலாம்.
இல்லையென்றால்
துடைத்த விரலோடு நான் வெளியே.

இரண்டு இரவு அதோடு இருந்தேன்.
பெரிதாக்கினால் சாம்பல் சதுரங்கள்,
இன்னும் பெரிதாக்கினால் இன்னும் பெரிய சாம்பல் சதுரங்கள்.
பிறகு யோசனை வந்தது.
தூசி நகராது. எந்தப் படத்திலும்
அதே மூலையில் குந்தியிருக்கும்.
அன்று எடுத்த நாற்பத்தேழையும் வரிசையாய்த் திறந்தேன்.
பன்னிரண்டாவதில் அரை நகம் வடக்கே.
முப்பதாவதில் சூரியன் வரும் வழியில்.
நகர்ந்தது.
யாரோ.
விட்டுவிட்டேன்.

நகரமண்டபத்தில் தொங்கியது, பரிசில்லாமல்.
கீழே நடுவர் பென்சிலால்:
“ஒளியமைப்பு நன்று. தூசி அகற்றப்படவில்லை.”

சகாயநாதன் பின்னேரம் வந்தார்,
குளித்து, தலையிழுத்து,
மகளின் கலியாணத்துக்குப் போட்ட சேட்டோடு.
இடமிருந்து எண்ணினார். பத்து.
திரும்ப எண்ணினார்.
கயிறு சட்டத்துக்குள் மறையும் இடத்தில் விரலை வைத்தார்.
“கயிறு வருது. பிடிச்சவனைக் காணேல்ல.”
நான் விதியைச் சொன்னேன்.
தலையாட்டினார், விளங்கினவர் மாதிரி.

பிறகு இரண்டடி பின்னுக்குப் போய்
கண்ணைச் சுருக்கினார்.
“அது றமீஸ்ர வள்ளமெல்லோ.
அண்டைக்கு எஞ்சின் நிண்டு
எட்டு மணி மட்டும் அள்ளுண்டு திரிஞ்சவன்.”
நடுவரின் எழுத்தை அவர் வாசிக்கவில்லை.
மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லையாம்.

இன்று காலை
ஏகாம்பரம் வீதி ஸ்ரூடியோவில்
வெட்டாத படத்தைக் கொடுத்தேன்,
பலகையும் முழங்கையுமாய்,
பெரிய சைசில் ஒன்று.
பெடியன் திரையைப் பார்த்துத் தலையைச் சாய்த்தான்.
“அண்ணை, கடல் சரிஞ்சு கிடக்கு.
நேராக்கிவிடட்டோ?
அதுக்குத் தனிக் காசில்லை.”